துரையின் தோள்

12 மார்ச் 1976, வெள்ளி. துபாய்.

ஜெயித்துவிட்டோம்! எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர்களை அவர்களுடைய பேஸ்பாலிலேயே ஜெயித்துவிட்டோம்.

திங்கட்கிழமை அரையிறுதிக்கு வராமல் துரையை ரூமிலேயே படுக்கச் சொன்னதற்காக டீமில் ஒருவரும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவனைப்போல வேகமாகப் பந்தெறிய எங்களிடம் வேறு ஆளில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம். போன சீசனில் எல்லா ஆட்டத்திலும் அவனையே எறியவிட்டோம். கடைசியில் தோள்வலியில் அவனால் சட்டைகூடப் போட முடியவில்லை. அதனால் இந்த முறை அவனும் மாத்யூவும் மாறி மாறித்தான் எறிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். திங்களன்று மாத்யூவின் முறை. ஒரே ஓட்ட வித்தியாசத்தில் தப்பினோம். "தோத்திருந்தா உம்ம கேப்டன் பதவி அன்னிக்கே போயிருக்கும்வே" என்றார் ஸ்டோர் கணேசன்.

இன்று இறுதி ஆட்டம். "அண்ணாச்சி, தோளு பஞ்சு மாதிரி இருக்கு" என்று துரை சிரித்துக்கொண்டே இறங்கினான். அமெரிக்கர்களுக்குத் திங்களன்று அவர்களுடைய அரையிறுதியில் எறிந்தவரே இன்றும் எறிந்தார். பாதியிலேயே தோளைப் பிடித்துக்கொண்டார். துரைக்குக் கடைசிவரை வேகம் குறையவில்லை. அவர்களுடைய கடைசி ஆள் மூன்று முறை மட்டையை வீசினார். மூன்றும் காற்றில் போயின, ஆள் அவுட். கணேசன்தான் முதலில் ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

"திங்கட்கிழமை உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேனே, இவரை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள்?" என்று அவர்கள் கேப்டன் கேட்டார்.

"ஒளிக்கவில்லை, தூங்கவைத்திருந்தேன்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் விரல்கள் இன்னும் வலிக்கின்றன. பேனா கையில் நிற்கவில்லை. போதும்.