நம் வீட்டு விலாசத்தில் ஒன்பது பிள்ளைகள்

ஆக்லாந்து,
ஜூலை 27, சனிக்கிழமை

அன்பு மகள் ரூத்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளை உன்னை அதிகம் படுத்தாமல் இருக்க வேண்டும், இதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொன்னார்களே, குறைத்தாயா? டப்பா மாட்டிறைச்சியை நீ விடமாட்டாய், எனக்குத் தெரியும், அதை உன் கைக்கு எட்டாத தட்டில் வைக்கச் சொல் மாப்பிள்ளையிடம். இங்கே மழை விட்டபாடில்லை, பத்து நாளாகத் துணி காயவில்லை, சீருடைகளை ஹீட்டர் முன்னால் நாற்காலி போட்டு விரித்து வைக்கிறேன், வீடு முழுக்க ஈர வாடை. யாருடைய சீருடை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய், டிக்கெட் எடுத்தாயா அம்மா என்று. மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன். இனி மறைக்க முடியாது, ஆகஸ்டில் என்னால் வர முடியாது ரூத்தா. உன் தலைப்பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இல்லாமல் போவேன் என்று நினைத்ததே இல்லை. கோபப்படு, ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது, அதனால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிய துணை முதல்வர் வந்தார், கெரிட்ஜ் என்று பெயர், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார், கெட்ட மனிதர் இல்லை. வந்ததும் அவர் செய்த முதல் காரியம் பிள்ளைகளின் பட்டியலை விலாச வரிசையில் அடுக்கித் தரச் சொன்னதுதான். எங்கள் பள்ளியில் சேரக் குறித்திருக்கும் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் பொய் விலாசம் கொடுத்துச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று எல்லைக்குள் வீடு வாங்கியவர்கள் புகார் எழுதியிருந்தார்கள். பத்தொன்பது வருடமாகச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், பெயர் வரிசையில் எடுத்திருக்கிறேன், வகுப்பு வரிசையில் எடுத்திருக்கிறேன், எந்த இனம் எத்தனை பேர் என்று வருடா வருடம் அரசாங்கத்துக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறேன், விலாச வரிசையில் ஒருநாளும் எடுத்ததில்லை. இப்போதெல்லாம் படிவம் கணினி வழியாக வந்து தானாகவே உள்ளே போய்விடுகிறது, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பதும் இல்லை. எடுத்துப் பார்த்தால் நம் வீட்டு எண்ணுக்கு நேரே ஒன்பது பிள்ளைகள். எல்லாம் நம் சபைப் பிள்ளைகள். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன், அதற்குள் கெரிட்ஜ் வந்து வாங்கிக்கொண்டார். "ரீட்டா, இந்த ஒரே வீட்டுல ஒன்பது பேர் இருக்காங்க. யாரோ இதைத் தொழிலாவே செய்றாங்கன்னு தோணுது. யாரு வீடுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார். "பார்க்க வேண்டியதில்லை சார், அது என் வீடு" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்காக வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் உன் அப்பாவைப் பிடித்தேன். பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலுறைகூடக் கழற்றாமல் கோகோ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "ஆமா, கேட்டாங்க, குடுத்தேன். விலாசம்தானே, குடுத்தா தேய்ஞ்சா போயிடும்?" என்றார். ஒன்பது பேர் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்பதா? நான் ஏழுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் வேலை போகும் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "ரீட்டா, அதுங்கள்ல ஆறு பிள்ளைங்க இந்தத் தெருவுலயே பொறந்ததுங்க. வீட்டை இடிச்சுட்டு பாப்பகுராவுக்குத் துரத்தினது யாரு, அந்தப் பிள்ளைங்களா?" என்று கேட்டார். நீ படித்தபோது அந்தப் பள்ளியில் நம் தீவிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நானூறு பேருக்குக் குறையாது, உன் வகுப்பிலேயே பாதிப் பேர் ஞாயிறு நம்மோடு பாட வருவார்கள். அரசு வீடுகளை இடித்து மாடிவீடு கட்டி விற்க விற்க அந்த எண் இறங்கிக்கொண்டே வந்ததை நான்தான் வருடா வருடம் எழுதினேன், இந்த வருடத் தொடக்கத்தில் எண்பத்து நான்கு. பள்ளியின் விளம்பரப் புத்தகத்தில் மட்டும் அட்டையில் இன்னும் நம் பிள்ளைகள் பூமாலை போட்டு ஆடுகிறார்கள்.

மறுநாள் கெரிட்ஜிடம் கேட்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டில் நான்கு வருடத்தில் நான்கு குடும்பப் பெயர் வந்திருக்கிறது, நவம்பரில் வாடகைக்கு வருகிறார்கள், பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் மார்ச்சில் தோட்டம் உள்ள தங்கள் சொந்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களையும் கேட்பீர்களா என்று. "அவங்ககிட்ட வாடகை ஒப்பந்தம் இருக்கு ரீட்டா. காகிதம் சரியா இருந்தா நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். பிறகு எனக்கு ஒரு வழி சொன்னார், உதவி செய்வதாகத்தான் நினைத்தார். மூன்று வாரம் அவகாசம், அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே நம் வீட்டில் இருக்கிறார்கள் என்று காட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் உன் அப்பா மேசையைத் தட்டினார். "பொய்னுதானே சொல்றாங்க, மெய்யாக்கிடுவோம். பிள்ளைங்க வந்து இருக்கட்டும்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு.

நான்கு குடும்பங்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள், பாயும் தலையணையுமாக. பெண்கள் மூவர் உன் அறையில், பையன்கள் இருவர் கூடத்தில். உன் கட்டிலில் லாங்கி படுத்தாள், பூவாவின் மகள். உனக்குத் தெரிந்த பூவாதான், இரண்டு வீடு தள்ளி இருந்தாளே, பள்ளிக்குப் போகும்போது உன் தலையைப் பின்னிவிடுவாளே. லாங்கிக்குப் பதின்மூன்று வயது. இங்கே வருவதற்குமுன் தினமும் பாப்பகுராவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் ரயிலில் நின்றுகொண்டு வந்தவள். அப்பா நாலரைக்கே டிப்போவுக்குப் போய்விடுகிறார், அதற்குப் பிறகு ஐந்து பேரை எழுப்பி, ஒரே குளியலறையில் வரிசை நிறுத்தி, சேப்பங்கிழங்கோ ரொட்டியோ கட்டிக்கொடுத்து, அவர்களோடு நானும் ஓட வேண்டும். லாங்கிதான் எனக்குக் கை கொடுத்தாள், சின்னவர்களை அதட்டுவாள், "அத்தை, நீங்க தலை சீவுங்க, ரொட்டியை நான் பார்த்துக்கறேன்" என்பாள். ஒருநாள் காலை ஏழு மணிக்கு கெரிட்ஜ் கையில் படிவத்தோடு சோதிக்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. பாய்களை எண்ணினார், பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினார். லாங்கி பெரிய மனுஷி மாதிரி "சார், டீ போடட்டுமா, சீனி எத்தனை?" என்று கேட்டாள். மனிதர் கூச்சத்தில் மூன்று கரண்டி என்று சொல்லிவிட்டுக் குடிக்க முடியாமல் குடித்தார். வாசலில் என்னிடம், "நிஜமாவே இங்கதான் இருக்காங்க. இனி பெற்றோர் ஒரு உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றார். அன்று அப்பா கோழி வாங்கி வந்தார்.

நான்கு பிள்ளைகளுக்குக் கையெழுத்து வந்துவிட்டது. பூவா ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தாள், நம் அடுக்களை மேசையில் உட்கார்ந்தாள், பேனாவை எடுத்தாள், வைத்தாள். "அக்கா, எம் பொண்ணு எங்கூட இல்ல, உங்க வீட்டுலதான் இருக்கான்னு இதுல போட்டிருக்கு. அரசாங்க வீடு குடுக்கற ஆபீஸ்ல நாங்க அஞ்சு பேருன்னுதான் மூணு ரூம் குடுத்திருக்கான். நாலுன்னு தெரிஞ்சா சின்ன வீட்டுக்கு மாத்திடுவான். எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு, அவரை நான் எங்க போடுவேன்?" என்றாள். லாங்கி தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள், குழாயை மெதுவாக மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, போடாதே" என்றாள். அவ்வளவுதான். பிள்ளை ஒன்றுதான் ரூத்தா, பள்ளிக்கூடத்துக்கு அவள் இங்கே இருந்தாக வேண்டும், வீட்டு அலுவலகத்துக்கு அங்கே இருந்தாக வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒரே அரசாங்கத்துடையதுதான்.

இனி நான் எழுதப்போவதை யாருக்கும் சொல்லவில்லை. ஜூலை முதல் தேதி எண்ணிக்கை அனுப்ப வேண்டும், அதற்குமுன் வெள்ளிக்கிழமை கெரிட்ஜ் என்னைக் கூப்பிட்டார். என் வீட்டு விவகாரம் என்பதால் லாங்கியின் பெயரை எடுப்பதைத் தானே செய்துவிடுவதாகச் சொல்லி என் கணினியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அது வரவில்லை, தப்புத் தப்பான பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் ஜோய்ஸ் விடுப்பில் இருந்தாள். மற்ற நான்கு பிள்ளைகளின் பத்திரங்கள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், அவர் கையெழுத்து இன்னும் விழாமல். "யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும் ரீட்டா" என்றார், அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நான் எழுந்து போயிருக்கலாம். எழுந்து போனால் அந்த நான்கு தாள்களை மறுபடி புரட்டுவாரோ என்ற பயம். அவர் எழுந்து இடம் விட்டார், நான் உட்கார்ந்தேன். லாங்கியின் பெயரைத் திறந்தேன். வெளியேறும் காரணம் எது என்று ஒரு வரிசை வரும், வேறு பள்ளி, வெளிநாடு, வேலைக்குப் போனார் என்று. வேறு பள்ளி என்பதைத் தொட்டேன். உறுதியா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். மேலே நம் தீவுப் பிள்ளைகள் எண்பது என்று இருந்த இடத்தில் எழுபத்தொன்பது என்று வந்தது. கெரிட்ஜ் நான்கு தாளிலும் கையெழுத்துப் போட்டார், எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்தேன்.

லாங்கி மறுநாளே கிளம்பினாள். உன் கட்டில் விரிப்பைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். "அத்தை, அங்க இருக்கற ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம், சீக்கிரம் எழுந்திருக்கவே வேண்டாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாழைப்பழப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் நான்கு பேர் வருடக் கடைசிவரை இங்கேதான். விடுமுறைக்குப் போய் வந்துவிட்டார்கள், போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பள்ளி. கெரிட்ஜ் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார், நான் பத்து நாள் இல்லை என்றால் காலையில் இந்த வீட்டில் பெரியவர் யாரும் கிடையாது. மாங்கெரேயில் ஒரு சின்ன வீடு தருவதாக வீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்துக்கும் அப்பா வேண்டாம் என்று எழுதிவிட்டார், விமான நிலையத்துக்குப் பக்கம், வந்துபோக வசதி என்று நீயும் சந்தோஷப்பட்டாயே, அதுவும் போயிற்று. வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தால் அந்த மேசையில் வேறு யார் உட்கார்ந்தாலும் நம் பிள்ளைகள் பக்கம் ஒரு பார்வைகூட இருக்காது. நவம்பரில் அடுத்த வருடத்துப் படிவங்கள் வந்து குவியும், விலாச வரிசையில் எடுத்துத் தருவதும் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில்தான் முட்டுகிறேன் மகளே.

நீ உன் மாமியாரை வரச் சொல், வெட்கப்படாதே, அவருக்குப் பிள்ளை குளிப்பாட்டத் தெரியாவிட்டாலும் சமைக்கத் தெரியும். வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. முதுகுக்குத் தேங்காயெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், லேசாகச் சூடாக்கி மாப்பிள்ளையைத் தேய்க்கச் சொல். பிள்ளை பிறந்த நிமிடம் எனக்குச் சொல், பள்ளி நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. லாங்கியின் பெயரை கெரிட்ஜ் எடுத்தார் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் ஒரு நிமிடத்தில் மன்னித்துவிடுவார், அதுதான் எனக்குப் பயம். அவள் போன அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து, "ஆண்டவரே, அந்தப் பிள்ளை பேரை எடுத்துப் போட்ட கை யாரோடதோ, அதை மன்னியும்" என்று வேண்டினார். அன்றிலிருந்து ஒருநாள் விடவில்லை. நான் அவர் பக்கத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, பிள்ளைகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். இப்போது எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஆமென் சொல்கிறேன்.

நூலகத்தில் விளக்கை அணைக்கிறார்கள், ஜெபத்துக்கு நேரமாகிறது. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் தனித்தனியாகி, நல்லபடியாக வீடு வந்து சேர ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா
மக்கெரீட்டா