பீரோவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவ

மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற வீட்டுக்காரருக்கு,

கம்பெனி வேன் வந்துடுச்சு, கிளம்பறேன். குஸ்கா டப்பால இருக்கு, கத்திரிக்காய் பக்கத்துலயே மூடி வச்சிருக்கேன்.

வீடியோ கேம் சார்ஜ்ல இருக்கு, அணைச்சிடாதீங்க. அதுல ஒரு பொண்ணு பீரோவுக்குள்ள ஒளிஞ்சிருக்கா, பேய் வெளிய நிக்குது. அந்த கேம்ல மைக் இருக்கு. நம்ம வீட்ல சத்தம் வந்தாலே பேய்க்குக் கேட்டுடும். போன வாரம் குக்கர் விசிலுக்கு ஒரு தடவ செத்தேன், வேன் ஹார்னுக்கு ஒரு தடவ.

இந்த மூணு நாளா நம்ம வீட்ல பேச்சே இல்ல. ஒரு தடவகூட மாட்டாம கடைசி ரூமுக்கே போய்ட்டேன். பேய விட அதுதான் எனக்கு பயமா இருக்கு.

வெளிய போகும்போது சாவிய ஷூவுக்குள்ள போடுங்க.

– பூர்ணிமா

இன்னொண்ணு: சாயங்காலம் நான் விளையாடும்போது பக்கத்துல வந்து சத்தமா 'பூர்ணி'ன்னு கூப்புடுங்க. அவ செத்தா சாவட்டும்.