மாமா ஏறினால் மட்டும் நிற்கும் லாரி

மார்ச் 3, செவ்வாய்

மேட்டில் லாரி மறுபடியும் நின்றுவிட்டது. ஓட்டியவர் மாமா.

வாரம் முழுக்க டிரைவர் அண்ணன் ஓட்டுகிறார், ஒன்றும் ஆவதில்லை. சரக்கு கொடுக்கும் புதிய பார்ட்டியை அழைத்துப்போகும் நாளில் மட்டும் மாமாவே ஏறுவார். முதலாளியே ஓட்டுகிறார் என்று பார்ட்டி அசந்துபோகுமாம். இன்று அசந்துதான் போனது. பாதி மேட்டில், முழுச் சுமையோடு, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் காது கேளாததுபோல் இருக்கிறது. மேடு வந்தால் தானாகக் கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வண்டி, குறைக்கவில்லை. அணைத்துவிட்டுப் போட்டால் சாதுவாகக் கிளம்புகிறது.

"நான் ஏறினா மட்டும் எப்படிடா நிக்கும்? அவன் உள்ள ஏதோ பண்ணி வச்சிருக்கான்."

அவன் — டிரைவர் அண்ணன். சனிக்கிழமை அவர் கணக்கை முடித்து அனுப்பச் சொல்லி எனக்கு உத்தரவு.

தத்துவத்தில் எம்.ஏ. வாங்கி மாமா ஆபீஸில் உட்கார்ந்ததன் பயன்: ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்காது.

மார்ச் 4, புதன்

மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஆள். பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போவார். வண்டியில் லேப்டாப்பைச் செருகினார். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து போகும் சிக்னல் எப்போதோ அறுந்து, மறுபடி வந்திருக்கிறதாம். இப்போது சரியாக இருக்கிறதாம். மிதியையே மாற்றினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று டீசல் ஃபில்டரையும் மாற்றினார். ஓட்டிப்பார்த்தார். மேட்டில் கியர் அழகாக இறங்கியது.

மாமா ஏறினார். நின்றது.

"பாத்தியா? வண்டிக்கே முதலாளி யாருன்னு தெரியுது."

குரலில் கோபம்தான். கூடவே கொஞ்சம் பெருமை.

மார்ச் 5, வியாழன்

பார்ப்பவரைப் பொறுத்து மாறும் உண்மை. இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். அதில் லாரி இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அத்தையிடம் புலம்பினேன். கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா லேப்டாப்பு? உங்க மாமா உக்காந்தா எங்க வீட்டு சோபாவே தரையைத் தொட்டுட்டுத்தான் வருது."

நானும், லேப்டாப்போடு மறுபடி வந்திருந்த மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு ஓடினோம்.

டிரைவர் சீட் காற்றடைத்த பையின் மேல் மிதக்கிற சீட். கனமானவர் உட்கார்ந்து, பள்ளத்தில் ஒரு குலுக்கலும் விழுந்தால் அடிவரை இறங்கும். அடியில் ஒரு வயர்க் கட்டு. ஆக்சிலேட்டருக்கும் கியருக்கும் போகிறவை, இரண்டும் ஒன்றாக. சீட்டின் இரும்புக் கைகள் அதைக் கடித்துக் கடித்துத் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது.

நிரூபிக்க வேண்டாமா? நான் உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. மெக்கானிக் என் மடியில் உட்கார்ந்தார். ஒரு மாமாவுக்கு நாங்கள் இரண்டு பேர். சேர்ந்து எம்பிக் குதித்தோம். லேப்டாப்பில் சிக்னல் செத்தது.

"சத்தமில்லாம வயர வேற பக்கம் கட்டிவிட்டுடறேன் தம்பி. இதோட விட்டுடுங்க."

விட முடியாது. வண்டி சரியானால் மாமா என்ன சொல்வார்? 'பயந்துட்டான், வச்சதை எடுத்துட்டான்.' யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

மெக்கானிக்: "நான் பில்லுக்குக் காசு வாங்கணும்ல?"

அத்தை: "கல்யாணம் ஆனதிலேருந்து இதைச் சொல்லாமத்தான் குடும்பம் ஓடுது. நீ படிச்சவன். நீ சொல்லு."

அதே நாள், பிறகு

எந்தச் சொல்லால் சொல்வது? குண்டு — உயிரோடு இருக்க ஆசை. பருமன் — டாக்டர் வார்த்தை. பூசினாற்போல — கல்யாணத் தரகர் வார்த்தை. கனம் — ஆகா. நீதிபதிகளுக்கு முன்னால் போடுகிறோமே. 'கனம் பொருந்திய மாமா அவர்கள் அமரும்போது...'

எடைக்கும் மரியாதைக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி, இந்த லாரியை முன்பே பார்த்திருக்கிறது.

மார்ச் 7, சனி

டிரைவர் அண்ணன் வந்துவிட்டார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"போறேன் முதலாளி. என்ன பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க. வண்டியக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் என்னை நம்பி சாவி குடுப்பான்?"

மாமா என்னைப் பார்த்தார் — கடிதம் எங்கே என்று. பில்லுக்காக வந்திருந்த மெக்கானிக் மூடிக்கிடந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துவைத்த 'கனம்' பாதி மேட்டில் நின்றுவிட்டது.

"அந்த சீட்டு... பெரிய மனுஷங்க உக்காருற மாதிரி செய்யல மாமா. அடியில வயர் நசுங்குது."

மாமாவின் முகம் மலர்ந்தது.

"அதான பாத்தேன்! கண்டவன் உக்கார்ற சீட்டுல நான் உக்காந்தா எப்படித் தாங்கும்?" டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "சரி, போய் வண்டிய எடு. மன்னிச்சுட்டேன்."

"எதுக்கு முதலாளி?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷத் தத்துவ வகுப்பில் இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டதே, போதாதா? — போதாது. பேர்?

"உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. மாமா வெயிட்டுக்கு சீட்டு இறங்கி வயர நசுக்கியிருக்கு. அவ்வளவுதான்."

வெயிட்டு. நேற்று யோசித்த சொற்களில் இது இல்லவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

வயரை மாற்றிக் கட்டியாயிற்று. காலையில் மாமாவே ஏறி மேட்டைத் தாண்டிப் போய்வந்தார். நிற்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

என்னோடு பேசவில்லை. அத்தை மூலமாகச் செய்தி வந்தது: ஆபீஸில் வெளிச்சம் அதிகமாம், படிக்கிற கண்ணுக்கு ஆகாதாம். மதியம் என் மேசையைக் கோடவுனுக்குத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் லோடு ரசீது வாங்க டிரைவர் அண்ணன் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க?"

"கண்ணுக்கு நல்லதாம்ண்ணே."

"என்னாலதான..."

"உக்காருங்கண்ணே."

இருப்பது ஒரே நாற்காலி. எழுந்துகொண்டேன். தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

எதுவும் நின்றுபோகவில்லை.