இரண்டாம் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் சொல்லே பொய்யாகிவிடும். முதுகு வலி, கண் எரிச்சல். மற்றபடி இருக்கிறேன்.

நீங்கள் இங்கிருந்து போய்ப் பதினாலு மாதம். கடைசி நாலு மாதமாக ஒரு வரி இல்லை. போன் செய்தால் உங்கள் வீட்டுக்காரர் எடுத்து, "தூங்குறாம்மா" என்கிறார். பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம் அக்கா? அதனால்தான் கடிதம். கடிதம் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்ல முடியாதல்லவா?

சலவைக்கூடம் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலை மலையாக வருகின்றன. உங்கள் கையை இழுத்த அந்த உருளை மெஷினுக்கு இப்போது இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். போன தடவை கால்வாசிக் கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. பயிற்சி வகுப்பில் எல்லாருக்கும் இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பத்தேழு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவர்கள் ஒரு பக்கத்தை முடித்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழாக்கி, புரிந்துகொண்டு, திரும்ப ஆங்கிலத்துக்குப் போய் விடை தேடுகிறேன். ஒரு பகுதிக்குத் தரும் அதே முப்பத்தைந்து நிமிடத்தில் அவர்கள் எழுதுவது ஒரு தேர்வு, நான் எழுதுவது இரண்டு.

சாப்பாட்டு வேளையில் துணி மடிக்கும் மேசையில் புத்தகத்தை விரித்தால் எதிர் மேசைக்காரி, "வக்கீலம்மா, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தத் தலையணை உறையெல்லாம் மடிச்சு வெச்சிட்டுப் போங்க" என்கிறாள். நீங்கள் வைத்த பட்டப்பெயர், போகமாட்டேன் என்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
(உடன்பிறக்காவிட்டால் என்ன?)


ஏப்ரல் 10

அன்புத் தங்கச்சிக்கு,

கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் எழுதினார், இப்போது நானே இடது கையால் எழுதுகிறேன். மகளும் நானும் ஒரே கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகுகிறோம். ஒன்றாம் வகுப்புதான், ஆனால் டீச்சரை மிஞ்சுகிறாள். "அம்மா, உன் ழ கோட்டுக்குக் கீழ விழுது" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்கிறாள்.

வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. பொத்தான் போட்டுக்கொள்கிறேன். தலை பின்ன முடியவில்லை, வெட்டிவிட்டேன். லேசாகத்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நீ எதற்கடி வக்கீலுக்குப் படிக்க வேண்டும்? எல்லாருக்கும் நோட்டீஸ் படித்துச் சொல்கிறாய் என்று விளையாட்டுக்கு வைத்த பெயர்தானே அது. நான் அங்கே இருந்தவரைக்கும் தையல் கடை வைக்கப்போகிறேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்?

கை வலிக்கிறது. போதும்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

உங்கள் கேள்விக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மேனேஜர் அறையில் ஒரு தாளை நீட்டினார்களே, நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "படிச்சுச் சொல்லுடி" என்றீர்கள். நான் படித்தேன். "ஒண்ணுமில்லக்கா, வைத்தியத்தைக் கம்பெனியே பாத்துக்கும், லீவு எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அது முதல் பக்கம். இரண்டாம் பக்கம் எனக்குப் புரியவில்லை.

புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை அக்கா. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நம் ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். வக்கீலம்மா படிக்கிறாள் என்று எல்லாரும் வாய் மூடி நின்ற இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற கையால் கையெழுத்தைக் கீறினீர்கள்.

அதில் 'வேவ்' (waive) என்று ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத்தில் கையசைப்பதற்கும் இதே சத்தம்தான். இதில் ஓர் எழுத்து அதிகமாக இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து மேலே போய்விட்டேன். போன வருடம் ஆங்கிலம் கற்கப் போன வகுப்பின் பயிற்சித் தாளில் அதே சொல் வந்தது. அகராதியைப் பார்த்தேன். உரிமையைக் கைவிடுதல். இனி இந்த விபத்துக்காக எந்த வழக்கும் போடமாட்டேன் என்று உங்களை எழுதிக் கொடுக்க வைத்தது நான்தான்.

அதனால்தான் படிக்கிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை. தேர்வு ஜூன் பதினாலு.

தங்கச்சி


மே 29

தங்கச்சிக்கு,

எனக்குத் தெரியும். போன நவம்பரில் என் கொழுந்தனார் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டினார். அவர் படித்துச் சொன்னார். அன்றைக்கே உனக்கு எழுதுவதை நிறுத்தினேன். போன் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன். சொல்லிவிட்டாய். ஆனாலும் கோபம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டாம் பக்கத்தில் உன் கண் நின்றுபோனதை நான் பார்த்தேன். உனக்குப் புரியவில்லை என்று அப்போதே தெரிந்தது. கேட்டிருக்கலாம். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. எப்போது அந்த அறையை விட்டு வெளியே போவோம் என்றிருந்தது. நீ போடுங்கள் என்றாய், போட்டேன்.

தேர்வை எழுது. உனக்காக எழுது, இல்லையென்றால் விட்டுவிடு. என் கையைத் தூக்கிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போகாதே. இருக்கிற நேரமே உனக்குப் போதவில்லை என்கிறாய்.

கொஞ்ச நாள் எழுதமாட்டேன். அலுப்பாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்கா,

எழுதமாட்டேன் என்றீர்கள். நான் எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே.

தேர்வு எழுதினேன். ஒன்பது கேள்வி விட்டுப்போயின. பகல் கல்லூரி எதுவும் கிடைக்காது. ஒரு மாலைக் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது ஆள். பதினோரு பேர் மனசு மாறினால் நான் மாணவி.

அதற்காக எழுதவில்லை. இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். ஆபீஸ் பெண்ணிடம் கேட்டு வாங்கின உங்கள் தாளின் நகலைப் பார்த்துவிட்டு அங்கிருந்த வக்கீல், தவறாகச் சொல்லி வாங்கின கையெழுத்தை எதிர்க்க வழி இருக்கலாம், நிச்சயமில்லை, நடந்ததைச் சொல்லச் சாட்சி வேண்டும் என்றார்.

"நான்தான் சாட்சி" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கம்பெனிக்குத் தெரியவரும். வேலை போனாலும் போகும். சட்டம் படிக்கப் போறவங்க, படிச்சது புரியலன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா நாளைக்கு அதையே உங்க மேல திருப்புவாங்க."

"திருப்பட்டும் சார். உண்மைதானே."

எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் சம்மதித்தால்தான் மேலே நகரும். இத்துடன் ஒரு சம்மதத் தாள் இருக்கிறது. வக்கீல் சொன்னதை நானே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்களே படியுங்கள். வேறு ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனசு ஒப்பினால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள், நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு,

தாள் வந்தது. இரண்டு தடவை படித்தேன். கொழுந்தனாரும் படித்தார்.

மூன்றாவது பத்தியில் 'என் சார்பாக முடிவெடுக்கும் அதிகாரம்' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு அந்த அதிகாரம்? உனக்கா, அந்த வக்கீலுக்கா? எத்தனை நாளைக்கு? நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? எனக்குப் புரியவில்லை. கொழுந்தனாருக்கும் புரியவில்லை.

புரிகிற மாதிரி எழுது. அவசரமில்லை, வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு எழுது. புரிந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா