பாட்டுக்கு முன்னால் நீ பேசியது

ஒரு பாட்டு கிட்டினால் அது முடியும்வரைகூடப் பொறுக்காமல் எனக்கு அனுப்பிவிடும் என் செல்வதாசுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் எனக்குப் புதுப் பாட்டே வரவில்லை என்று சொன்னால் பொய். வாட்சப்பில் தினமும் வந்து குவிகிறது. கேட்கத்தான் அலுப்பாக இருக்கிறது. கால் நிமிடம் ஓடுவதற்குள் கட்டைவிரல் தானாக அடுத்ததைத் தட்டிவிடுகிறது. ஐம்பது தாண்டினால் முட்டு தேயும் என்று டாக்டர் சொன்னார். காது தேய்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இதை நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுவதற்கு நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். எதையாவது நீ தனியாக வைத்துக்கொண்டது உண்டா? உன் மூலவியாதியைக்கூட நீ எனக்குச் சொல்வதற்கு முன் சாயாக் கடைக்காரர் எனக்குச் சொல்லிவிட்டாரே.

சாயாக் கடை என்றதும் ஊர்ச் செய்தி. அங்கே பெஞ்சை எடுத்துவிட்டு உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் படுவதில்லை. கரண்டு ஆபீசில் உன் இடத்துக்கு வந்திருக்கும் புது மீட்டர் ரீடிங்காரர் நல்ல பையன்தான். ஆனால் வாசலோடு சரி. மீட்டரை எட்டிப் பார்ப்பார், எண்ணைக் குறிப்பார், அடுத்த வீடு. அடுக்களையில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று விசாரித்து, சாயா வாங்கிக் குடித்து, "ஒரு பாட்டு படியுங்க அக்கா" என்று கேட்ட ரீடிங்காரன் இந்த ஜில்லாவில் நீ ஒருத்தன்தான்.

நாம் சந்தித்தது நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். சினிமா சம்பந்தமே இல்லாமல் தாங்களாகப் பாட்டெழுதி, தாங்களாக கிதார் வாசித்து, இணையத்தில் போட்ட கொச்சிப் பையன்களின் பாட்டு ஒன்றை நான் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு இறங்க ஒரு மணி நேரம். பாதி இறங்கியதைக் கேட்டுப் பார்க்கும்போது, பக்கத்துத் தடுப்புக்கு மேலே ஒரு மீசை எழுந்தது.

"வோய், இது எந்த சினிமாப் பாட்டு?"

"சினிமா இல்ல."

"சினிமா இல்லியா? அப்பம் கொள்ளாம். எனக்கும் ஒண்ணு பதிஞ்சு தாரும்."

இப்படித்தான் தொடங்கியது. கல்லூரி ஆபீசில் கோப்பு தள்ளும் நானும், வீடு வீடாக மீட்டர் பார்க்கும் நீயும், புதுப் பாட்டுக்காக மாவட்டம் முழுக்க அலைந்தோம். இதை நம் வீட்டுப் பெண்கள் ஒரு நோய் என்றே நினைத்தார்கள். என் மனைவி ஒருமுறை, "குடிச்சிருந்தாக்கூட ஒரு நேரத்துக்குத் தெளியும்" என்றாள்.

பிறகு நீ ரெக்கார்டர் உள்ள போன் வாங்கினாய். அன்றிலிருந்து நம் கதை மாறியது. ஊரார் பாட்டை இறக்கிக் கேட்டவர்கள், நம் ஊர்ப் பாட்டை ஏற்றி அனுப்ப ஆரம்பித்தோம். கரைமடி வலை இழுக்கிற பாட்டு, ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவர் தனக்காகப் பாடிக்கொள்வது, சர்ச்சில் பாடக்கூடாது என்று சொல்லிவிட்ட பழைய கல்யாணப் பாட்டு. ரீடிங் எடுக்கப் போன வீடுகளில் நீ பதிவு செய்வாய். சாயாக் கடைப் பெஞ்சில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து புளூடூத்தில் எனக்குத் தள்ளுவாய். வந்து சேர்ந்ததும் உன் போனிலிருந்து அழித்துவிடுவாய். அடுத்த பாட்டுக்கு இடம் வேண்டுமே.

உனக்கு ஒரு பழக்கம். மீட்டர் அட்டையில் எழுதுகிறவன் அல்லவா, பாட்டுக்கு முன்னாலும் விவரம் பதியாமல் தொடங்கமாட்டாய். "மணவாளக்குறிச்சி, கடைசி ஓட்டு வீடு. படிக்கது இன்ன அக்கா. காலையிலேருந்து பல்லுவலி, கன்னம் வீங்கியிருக்கு. அடுப்புல அவியல். குரைக்க பட்டியக் கெட்டிப் போட்டிருக்கு, அதனால தைரியமா நிக்கேன்." இப்படி ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம். அதன் பிறகுதான் பாட்டு.

அந்த ஒரு நிமிடத்தை நான் வெட்டினேன்.

என் கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டுகிற மென்பொருள் இருந்தது. உன் பேச்சு, உன் இருமல், முடிவில் நீ போடும் "ஆகா", எல்லாவற்றையும் செதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பாட்டை மட்டும் எங்களைப் போன்ற பாட்டுப் பைத்தியங்களின் இணையக் குழுவில் போடுவேன். நீ ஒரு தடவை கண்டுபிடித்துக் கேட்டாய்.

"ஏம்ல எனக்க பேச்ச வெட்டுன?"

"உனக்க வியாக்கியானம் யாருக்குல வேணும்? மெட்ராஸ்ல இருக்கவனுக்கு அந்த அக்காக்குப் பல்லுவலின்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"பல்லுவலியோட படிச்சாவன்னு தெரிஞ்சாத்தானே மக்கா அந்தப் பாட்டு மனசிலாவும்."

"சவத்த விடுல. பாட்டு சுத்தமா இருக்கணும்."

நீ சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாய். நீ விட்டிருக்கக் கூடாது.

குழுவில் எனக்கு நல்ல பெயர். "எவ்வளவு தெளிவான பதிவு! எங்கிருந்து பிடிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ என்னால் முடிந்தது" என்று பதில் போடுவேன். பாட்டுக்குக் கீழே 'தொகுப்பு: தாணு' என்று இருக்கும். பாடியவர் என்ற இடத்தில் 'குமரி மாவட்டத்துப் பெண்' என்று இருக்கும். வெட்டி எறிந்த நிமிடத்திலேயே அந்த அக்காவின் பெயரும் போய்விட்டது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் இடம் போதாதபோது வெட்டாத மூலப்பதிவுகளையும் அழித்தேன். நான் இதுவரை கேட்காத ஆல்பங்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

போன மாதம் உன் வீட்டுக்காரி லில்லி என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, அவியளுக்க சத்தம் எனக்கு மறந்துட்டு வருது. நேத்து மத்தியானம் நினைச்சுப் பாத்தேன். மூஞ்சி வருது, சட்டை வருது, சத்தம் மட்டும் வரல. போன்ல ஒண்ணும் இல்ல. பாட்டெல்லாம் தாணுகிட்ட பத்திரமா இருக்குட்டின்னு சொல்லுவாவ. பாட்டு வேண்டாம். பாட்டுக்கு முந்தி ஒண்ணு பேசுவாவல்லா, அது மட்டும் மதி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பத்திரமா இருக்கு லில்லி. தேடித் தாறேன்" என்றேன். வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், பாதிக்கு நீயே சாட்சி. இவ்வளவு சரளமாக ஒன்று வந்ததில்லை.

தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன். பழைய போன், பென் டிரைவ், பூசணம் பிடித்த சி.டி.க்கள். கடைசியில் குழுவில் கேட்டேன்: "செல்வதாஸ் பேசுகிற பகுதியோடு யாரிடமாவது பதிவு இருக்கிறதா?" நான்கு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். துபாயில் இருக்கும் ஒருவர் நான் வெட்டி அனுப்பிய பாட்டையே எனக்குத் திருப்பி அனுப்பினார். ஒருவர் கேட்டார்: "யார் செல்வதாஸ்?"

பத்து வருஷத்துக்கு மேலாக உன் பாட்டைக் கேட்டவர், மக்கா. அவர்மேல் என்ன தப்பு?

வாரம் ஒருமுறை லில்லி போன் செய்வாள். "கிட்டிச்சா அண்ணே?" நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். பிறகு ரிப்பேர்காரனுக்குக் காய்ச்சல் என்றேன். உங்கள் தெரு வழியாகப் போவதை விட்டேன். மீன் வாங்கக்கூட சுற்றிப் போனேன். அவள் அதட்டிக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும், "செரி அண்ணே, பைய பாருங்க" என்றுதான் வைத்தாள்.

போன சனிக்கிழமை காலையில், கேட்டுச் சலித்த சி.டி.க்களைக் குப்பையில் போட எடுத்தபோது ஒன்றின்மேல் என் கையெழுத்தில் 'ஆகாதவை' என்று இருந்தது. போட்டுப் பார்த்தேன். உன் பதிவுகள் மூன்று. நான் குழுவுக்கு அனுப்பத் தகுதியில்லை என்று தள்ளியவை. ஒன்றில் பாட்டு நெடுகப் பட்டி குரைக்கிறது. ஒன்றில் நீ தொடர்ந்து தும்முகிறாய். இரண்டிலும் நீ பேசியது புரியவில்லை. மூன்றாவதில் தெளிவாக இருந்தாய்.

"முட்டம். பாறைக்குக் கிட்ட நீல வீடு. படிக்கது திரேசா அக்கா. வலை கெட்டிட்டு இருக்காவ. காத்து கொஞ்சம் கூடுதல். லேய் தாணு, நீ வெட்டுவன்னு தெரியும். வெட்டிக்கோ. அக்காக்க பேர மட்டும் வெட்டிராதல."

அதை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. நேராகப் பாட்டுக்குத் தள்ளிப் போயிருப்பேன். பாட்டிலும் பாதியில் அந்த அக்காவுக்கு அடி மறந்துபோகிறது. நீ எடுத்துக் கொடுக்கிறாய். சொல்லிக் கொடுத்திருந்தால் பரவாயில்லை, பாடிக் கொடுக்கிறாய். "நண்டு போன தடத்தைப் பாத்து நானும் போறேன் பின்னாலே" என்று, கிணற்றில் தகரவாளி இடிக்கிற மாதிரி ஒரு குரலில். பிறகு கடைசிவரை இரண்டு பேரும் சேர்ந்தே பாடுகிறீர்கள். வெட்ட வழியில்லாமல் நான் அதைத் தள்ளியிருக்கிறேன். கத்தரி நுழைய இடமில்லாததால்தான் நீ பிழைத்திருக்கிறாய்.

மறுநாள் ஞாயிறு. அந்தப் பதிவைப் போனில் ஏற்றி, சி.டி.யையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். லில்லி கோயிலுக்குப் போய் வந்து சீலைகூட மாற்றவில்லை. போனை மேசைமேல் வைத்துப் போட்டேன். முழுக்கக் கேட்டாள். அழவில்லை. "இன்னொருக்கா" என்றாள். மூன்றாம் தடவை நீ பாட ஆரம்பித்ததும், "இந்தச் சத்தத்த வச்சுக்கிட்டா என்னை கோயில் கொயர்ல படிக்கத் தெரியாதவளுன்னு சொன்னாவ?" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"மத்ததெல்லாம்?"

"வெட்டிட்டேன் லில்லி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பாட்டு சுத்தமா இருக்கணும்னு."

"அப்பம் அவிய அழுக்கா அண்ணே?"

இதற்கு ஒரு பதில் இருந்தால் சொல் மக்கா.

அதை அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனி உங்ககிட்ட இருக்கதை அழிச்சிருங்க."

"ஒரு காப்பி எங்கிட்டயும் இருக்கட்டும் லில்லி."

"வேண்டாம் அண்ணே. வச்சிருந்தா அனுப்பிருவிய. அனுப்புனா வெட்டிருவிய."

அவள் கண்முன்னாலேயே போனில் அழித்தேன். சி.டி.யை உடைத்து அவள் கையில் கொடுத்தேன். நல்ல பாட்டைக் கேட்டால் பத்து பேருக்கு அனுப்பாமல் சோறு இறங்காத நான், நான் கேட்டதிலேயே மோசமான பாட்டு ஒன்று இல்லாமல் வீட்டுக்கு நடந்தேன். முட்டுவலி வேறு.

திங்களும் செவ்வாயும் படுத்துக் கிடந்தேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மணவாளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். பேரை மட்டும் வெட்டிராதல என்றாயே. பாடியவர்களின் பெயர்களையாவது திரும்ப வாங்கலாம் என்று ஒரு எண்ணம். கடைசி ஓட்டு வீடு இப்போது மாடி வீடு. நல்லவேளையாகப் பட்டி இல்லை. கதவைத் திறந்த அக்காவிடம், நான் வெட்டிய பாட்டைப் போனில் போட்டுக் காட்டி, "இது நீங்கதானே?" என்றேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சத்தம் எனக்குள்ளதுதான். ஆனா இப்பிடி இல்லியே. நான் சிரிச்சிட்டுல்லா படிக்கத் தொடங்குனேன். அந்தச் சிரிப்பு எங்க?"

"சிரிப்பா?"

"மீட்டர் தம்பி ஒண்ணு சொன்னான். அத அவன் சொல்லித்தான் எனக்குப் பாட்டே வந்தது." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். "அவன் எங்க? கூட வரலியா?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து நானே கேட்டேன், நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று.

அவள் சும்மா சொல்லவில்லை, செல்வதாசு. இடுப்பில் கையை ஊன்றி, தொண்டையைக் கனைத்து, மூக்கால் இழுத்து உன்னைப் போலவே சொன்னாள்: "அக்கா, நீங்க எவ்வளவு நீட்டிப் படிச்சாலும் மீட்டரு ஓடாது. பயப்படாம படியுங்க." சொன்னது அவள். சத்தம் உன்னுடையது.

பேரைக் கேட்டேன். செபஸ்தியம்மாள். பாட்டுக்குக் கீழே எழுதிவிட்டேன். 'பதிவு: செல்வதாஸ்' என்றும் எழுதிவிட்டேன். என் பெயரை எடுத்துவிட்டேன். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான்: நீ நுழைந்த வீட்டுக்கெல்லாம் நானும் போவேன். நாய் துரத்தினாலும், முட்டு மடங்காவிட்டாலும் போவேன். பேரைக் கேட்பேன், நீ சொன்னதைக் கேட்பேன். அடுத்த வீட்டுக்கு நான் தனியாகப் போகவில்லை. லில்லியிடம் சொல்லிவிட்டேன். வருகிற புதன்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த முறையில்,

உன் மச்சினன்,
தாணு