மாற்றாத நான்கு எண்கள்

அன்பு மகளே,

சபைக்கு வெளியே நீ கல்யாணம் செய்தபோது, மனந்திரும்பும்வரை உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். மூன்று வருடம் வெள்ளிதோறும் உபவாசமிருந்து உனக்காக ஜெபித்தேன். அதுதான் விசுவாசம் என்று சபையில் சாட்சியும் சொன்னேன்.

உன்னை மன்னித்துவிடலாம் என்றுதான் இன்று சான் ரமோனில் உன் வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் இந்த வீட்டை வாங்கிய அன்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. “எப்ப வந்தாலும் யாரையும் கேக்க வேணாம்ப்பா, கராஜ் கதவைத் திறக்குற நம்பர் உங்க பர்த்டேதான்.” மாற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே கதவோரத்து எண்பலகையில் என் பிறந்த தேதியையும் மாதத்தையும் அழுத்தினேன். கதவு திறந்தது.

நான் ஜெபிக்கத் தொடங்கும் முன்பே கிருபை உன் கதவில் காத்திருந்திருக்கிறது. என் விசுவாசம் செய்ததெல்லாம் நான்கு எண்களை அழுத்தியதுதான்.

உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொல்ல வராது. மாப்பிள்ளையும் வரட்டும். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்.

உன் அப்பா