மெயினை அணைத்துவிட்டுப் பூண்டிக்குப் போனது

இயேசு மரி சூசை

பூதலூர்
மே 11

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். கனடாவில் நீயும் ஜெனிட்டாவும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், முழுதும் படி.

கோடை நெல் அறுத்தாகிவிட்டது, அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. இனி என் கோபத்தைக் கேள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பூண்டி மாதா கோயில் திருவிழாவுக்கு நடக்கும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நம் வீட்டு வழக்கம், சின்ன வயதில் ஸ்டூல் போட்டு ஏறி அணைத்தவனே நீதான். போன வருடம் இடி விழுந்து டிவி கருகியதிலிருந்து அப்பா இன்னும் கண்டிப்பு. ஆள் இல்லாமல் வயலில் மோட்டாரையே ஓடவிடாத மனுஷன், பூட்டிய வீட்டுக்குள், நீ அங்கிருந்தே வீட்டைப் பார்க்க மாட்டிவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டி, மோடம், கேமரா எல்லாம் ஓடட்டும் என்று விடுவாரா? தொட்டால் அந்தப் பெட்டி இட்லிப் பானை மூடி மாதிரி சுடுகிறது. நீ அதன் மேல் அணைக்காதீர்கள் என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனாய். அப்பா சீட்டை மதித்துப் பெட்டியைத் தொடவே இல்லை, மெயினைத்தான் அணைத்தார்.

கொடியேற்றம் பார்த்து, அங்கேயே தங்கி, மறுநாள் பூசை முடிந்து வந்தால் வாசலில் தெருவே நிற்கிறது, பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது. கேமரா தெரியவில்லை, இரண்டு பேருடைய போனும் போகவில்லை என்று நீதான் எதிர்வீட்டு சாமிதுரையிடம் உடைக்கச் சொன்னாயாம். "தெருவுல கரன்ட் இருக்கு, உங்க வீடு மட்டும் இருட்டா கெடந்துச்சு, தம்பி போன்ல அழுவுது, நான் என்னக்கா பண்றது" என்று பாவம் அவன் தலைகுனிந்து நின்றான். பக்கத்து வீட்டு அகிலாண்டம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயிரோடு திரும்பி வந்ததே தப்போ என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அப்பா வெட்கப்பட்டு இன்னும் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

கோயிலுக்குள் அணைத்த போனைத் திரும்பப் போட மறந்தது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பூண்டிக்குப் போவதைச் சொல்லாததும் தப்புதான். ஆனால் சொல்ல நீ எப்போது கூப்பிட்டாய்? ஈஸ்டருக்குக் கூப்பிட்டது, அதன்பிறகு இல்லை. நானாகக் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். கேட்டால், "என் போன்ல பச்சைப் புள்ளி தெரியுதும்மா, நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குறேன்" என்கிறாய். அந்தக் கேமரா வாசல் கேட்டைத்தானே காட்டுகிறது. எங்களையா காட்டுகிறது?

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள் வீட்டில் இருந்தால் பெட்டி ஓடும், இடி இடித்தாலும் வீட்டைப் பூட்டினாலும் மெயின் அணையும். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பச்சைப் புள்ளி தெரிந்தால் வீட்டில் கரன்ட் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் எழுந்திருக்காமல் கிடந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஜெனிட்டாவை இருமலுக்கு மிளகுக் கஷாயம் குடிக்கச் சொல். ஞாயிறு பூசை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்போம், உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி, கொஞ்சம் விழித்திரு. என் போனை அணைக்காமல் மடியிலேயே வைத்திருப்பேன்.

உன் அம்மா
அருள்மேரி